முகம் எங்கே?

சென்ற வருஷம் ஆடித் தபசன்று, சங்கரன்கோவிலில் ஜனசமுத்திரத்தின் நடுவே வீடியோ காமிராவும் கையுமாக நின்றோம். ரிஷப வாகனத்தில் சங்கரநாராயணர் காட்சி தந்தார். "வெளிச்சத்தையெல்லாம் யந்திரமே கவனித்துக்கொள்ளும்" என்று கடையில் சொல்லியிருந்தார்கள், நம்பிவிட்டோம்.

நடமாட முடியாத நம் தாயாருக்கு வீட்டில் அதைப் போட்டுக் காட்டினோம். ஸ்வாமியின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு! "முகம் எங்கேப்பா?" என்றார்.

யந்திரத்தின் பேரில் குற்றமில்லை. வகுப்பின் சராசரி மார்க்கை மட்டும் பார்க்கும் உபாத்தியாயரைப்போல, அது படம் முழுவதற்கும் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. பின்னால் வானம் இருண்டிருக்கவே, வெளிச்சம் போதாதென்று எண்ணிக் கண்ணை அகல விரித்துவிட்டது. தீப ஒளியில் ஜ்வலித்த முகம் வெந்து போயிற்று.

இந்த வருஷம் பொறுப்பை நாமே ஏற்றோம். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. விளக்குகள் படத்தில் துடிக்காமலிருக்க, ஷட்டரை 1/50 வினாடியில் நிறுத்தினோம். வெளிச்சத்தைச் செயற்கையாகப் பெருக்கும் 'கெயி'னை 0-க்கு இறக்கினோம். பிறகு லென்ஸின் துவாரத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்கினோம். வெளிச்சம் மிஞ்சிய இடத்தில் காமிராத் திரை காட்டும் 'ஸீப்ரா' வரிகள், ஸ்வாமியின் முகத்தைவிட்டு அகன்றதும் கையை எடுத்தோம்.

வானமும் வீடுகளும் இருளில் மறைந்தன. மறையட்டுமே! எதைப் பார்க்க வந்தோம் என்பது யந்திரத்துக்குத் தெரியாது, நமக்குத் தெரியுமல்லவா?

இம்முறை தாயார் ஒன்றும் கேட்கவில்லை. கைகூப்பினார்.