பார்க்காமல் பூட்டாதே!

பஜாஜ் சேத்தக்கில் கியர் நழுவினால், ஒருவர் ‘முழு செட்டையும் மாற்று’ என்கிறார். இன்னொருவர் ‘கிராஸ் மட்டும் போதும்’ என்கிறார். இருவருமே என்ஜினைப் பிரித்துப் பார்த்தவர்கள் அல்லர்! கோப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கேபிள் தளர்ந்திருந்தாலும் கியர் நழுவும். முதலில் அதைப் பார்க்க வேண்டும். பிரித்தால், சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கிராஸின் நான்கு முனைகளும் மழுங்கியிருக்கின்றனவா? அது பிடிக்கும் கியர்களின் உட்பள்ளங்கள் எப்படி? அவையும் மழுங்கியிருந்தால் புதுக் கிராஸும் வீண். கியர்களின் பக்க இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். கூடியிருந்தால் தடித்த ஷிம் போட வேண்டும். பேரிங்கை விரலால் சுழற்றினால் சொரசொரப்பு தெரிந்துவிடும்.

பார்க்காமல் பூட்டுவது அவர். தண்டம் கட்டுவது பென்ஷன்காரர்களான நாம். தேய்ந்த சாமானைக் கையில் கொடுத்துக் காட்டாதவருக்குப் பணம் எதற்கு?