ஒற்றைக் கால் கடைய ஓர் ஆள்

கடைசல் வேலை என்றதும் நம்மவர்களுக்கு அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் நினைவுக்கு வரும். கொஞ்சம் ஊர் சுற்றியவர்கள் கர்நாடகத்துச் சன்னபட்டணத்தைச் சொல்வார்கள். சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை ஓலையால் மெருகு. அழகுதான். ஆனால் கடைசலைப் பொம்மைத் தொழிலாக மட்டும் பார்த்து, "ஐயோ அழிகிறதே" என்று உச்சுக்கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. புதுச்சேரிக்கு அது ரிப்பேர் தொழில்.

பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளில் கொசுவலைக் கட்டில் தூண், பிரம்பு நாற்காலிக் கால், தொட்டில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாமே குமிழும் வளையமும் குடமுமாகக் கடைந்தவை. ஒரு கால் உடைந்தால் முழுச் சாமானும் பரணுக்குப் போகிறது, அடுத்து காயலான் கடைக்கு. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் கழிவுப் பட்டியல் போடுவோம். "நாற்காலி, கால் உடைந்தது, 1" என்று எழுதினால் முடிந்தது. மற்ற மூன்று கால்களும் கல் மாதிரி இருக்கின்றன என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது!

இருக்கும் காலைப் பார்த்து இன்னொன்று கடைவது பெரிய ரகசியம் அல்ல. எந்த வளையம் எத்தனை உயரத்தில் என்று ஒரு குச்சியில் கோடு போட்டுக்கொள்வார்கள். பருமனைக் காலிபரில் எடுப்பார்கள். முதலில் பள்ளங்களை அந்த அளவுக்கு வெட்டிவிட்டு, இடையில் உள்ளதை உளியால் உருட்டிக்கொண்டு வருவார்கள். கடைசி நூலளவு கண்ணும் கையும் பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் மெஷின் நூறு கால் கேட்டால் சந்தோஷமாகச் செய்யும். ஒரே ஒரு கால் என்றால் அதற்கு வரைபடம் போடும் செலவே கட்டாது.

பிரெஞ்சில் இந்தக் கலைக்கு 1701இலேயே லியோன் நகரில் பெரிய நூல் வந்துவிட்டது: 'லார் த தூர்னே'. எழுதிய ஷார்ல் ப்ளுமியே ஒரு துறவி, தாவரவியலாளரும்கூட. நம் கோயில்களில் உதிர்ந்து கிடக்கும் ஈழத்தலரிக்கு ப்ளுமேரியா என்ற பெயர் அவரை வைத்து வந்ததுதான். (லா ஃபோந்தேன் கதைகளை உருப்போட வைத்த எங்கள் வாத்தியார்கள் இதைச் சொன்னதில்லை.) ருஷ்யச் சக்கரவர்த்தி பீட்டர் தன் கையாலேயே தந்தம் கடைந்தவர். அங்கே அரசர்களின் பொழுதுபோக்கு. இங்கே ஒருவர் கயிறு இழுக்க, இன்னொருவர் உளி பிடித்துச் செய்த கூலி வேலை. மதிப்பில் உள்ள வித்தியாசம் அங்கே தொடங்குகிறது.

வைசியாள் வீதி வீடுகளின் முகப்பை இன்டாக் புதுப்பித்தது நல்ல காரியம். முகப்புக்குப் பின்னால் படிக்கட்டும் கட்டிலும் இருக்கின்றனவே, அவற்றை யார் பார்ப்பது? ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பு இரண்டு வருஷம், அத்தனையும் இரும்பு. அதில் சில வாரம் மரம் கடையக் கற்றுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை எங்கள் மூலக்குளத்துக்குத் தூரமில்லை. அங்கே மரத்துக்கென்று ஒரு லேத் போட்டால் முதல் வாரமே ஆள் வரும். என் வீட்டுப் பரணிலேயே ஒரு கட்டை குறைந்த தொட்டில் இருக்கிறது.