செல்போனுக்கு ஒரு மதகு! சாவி யார் கையில்?

கல்லணைக்கு வந்து சேரும் காவிரி அங்கே பிரிகிறது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று போகிறது. எதில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்று அங்கே உள்ள மதகுகளில் முடிவாகிறது. அந்தத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக ஓடி, கடைசியில் நம் வயலின் வாய்மடைக்கு வருகிறது. தலைமதகு அரசாங்கத்தின் கையில். வாய்மடை விவசாயியின் கையில்!

இன்று தஞ்சைச் சீமையில் வீட்டுக்கு வீடு இன்னொரு வாய்க்காலும் ஓடுகிறது. அதுதான் செல்போனில் வரும் இணையம். அதில் நல்ல தண்ணீரும் வருகிறது, சாக்கடையும் வருகிறது.

சாக்கடையைத் தடுக்க வேண்டாமா? கட்டாயம் தடுக்க வேண்டும். ஆனால் எந்த இடத்தில் தடுப்பது? தலைமதகிலா, வாய்மடையிலா?

கோர்ட்டு சொன்னது

2016-ம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது. இணையக் கட்டணம் மளமளவென்று சரிந்தது. 2020-ல் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடியது. பாடம் செல்போனில் நடந்தது. அப்பாவின் செல்போன் பிள்ளையின் கைக்குப் போனது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் பல வீடுகளில் அது திரும்பி வரவில்லை!

சிறுவர்களின் கண்ணில் ஆபாசப் படங்கள் படாமல் இருக்க, இணைய கம்பெனிகளே பெற்றோருக்கு ஒரு கட்டுப்பாட்டு வசதி தர வேண்டும். இப்படிக் கேட்டு 2018-ல் சென்னை ஐகோர்ட்டின் மதுரை கிளையில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. 2025 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்துக் கொள்ளத் தடை இருக்கிறது. அதைப் போன்ற சட்டம் ஒன்றை மத்திய அரசு ஆராயலாம் என்று நீதிபதிகள் யோசனை சொன்னார்கள். கூடவே, கட்டுப்பாடு பயன்படுத்துபவர் பக்கத்திலும் இருக்க வேண்டும். பெற்றோரின் பொறுப்பு பெரிது என்றும் சொன்னார்கள்.

அந்த இரண்டாவது பேச்சுதான் நமக்கு முக்கியம்.

தடுப்பு எப்படி நடக்கிறது?

தபாலை நினைத்துக் கொள்ளுங்கள். ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது, நம் செல்போன் அதன் விலாசத்தைக் கம்பெனியிடம் கேட்கிறது. தடுக்க வேண்டிய தளங்களின் பட்டியல் கம்பெனியிடம் இருக்கிறது. அதில் அந்தப் பெயர் இருந்தால் விலாசம் கிடைக்காது. தளம் திறக்காது.

ஆனால் இன்றைய இணையத் தபால் பெரும்பாலும் ஒட்டிய உறைக்குள் போகிறது. உறையின் மேலே உள்ள விலாசம்தான் கம்பெனிக்குத் தெரியும். உள்ளே இருக்கும் கடிதம் தெரியாது. ஆகவே யூடியூபில் இருக்கும் ஒரு கெட்ட படத்தை மட்டும் கம்பெனியால் பொறுக்கி எடுக்க முடியாது. ஒன்று, முழு யூடியூபையும் மூட வேண்டும். அல்லது முழுவதையும் விட வேண்டும்!

ஒரு களைக்காக ஆற்றை அடைத்த கதை

2012-ல் '3' என்ற தமிழ்ப் படம் வெளிவந்தது. திருட்டுப் படத்தைத் தடுக்கச் சென்னை ஐகோர்ட்டில் உத்தரவு வாங்கினார்கள். இணைய கம்பெனிகள் என்ன செய்தன? விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை அடியோடு மூடின. அவற்றில் சொந்தமாகப் படம் எடுத்துப் போட்டிருந்தவர்களும் சேர்ந்து அடிபட்டார்கள். திருட்டுப் படம் உள்ள பக்கத்தை மட்டும் தடுத்தால் போதும், தளம் முழுவதையும் அல்ல என்று பிறகு அதே கோர்ட்டு விளக்க வேண்டி வந்தது.

இங்கிலாந்தில் செல்போன் கம்பெனிகள் 2004-ல் ஒரு நடைமுறையை ஏற்றுக் கொண்டன. பெரியவர்களுக்கான தளங்கள் முதலிலேயே மூடியிருக்கும். 18 வயது ஆனவர் என்று காட்டினால்தான் திறக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆபாசம் துளியும் இல்லாத தளங்களும் அந்த வலையில் சிக்கின. 2012-ல் ஓபன் ரைட்ஸ் குரூப் என்ற அமைப்பு இதை எடுத்துக் காட்டியது.

நம் ஊரில் இது நடந்தால்? வயதுக்கு வந்த பெண் தன் உடம்பைப் பற்றி ஒரு டாக்டர் எழுதியதைத் தேடுவாள். அதில் உள்ள சொல்லைப் பார்த்து, கெட்ட தளம் என்று இயந்திரம் மூடிவிடலாம். தலைமதகில் நடக்கும் தவறு கடைமடைக்குத் தெரியாது. தண்ணீர் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும்!

யார் மூடியது? ஏன் மூடியது?

நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக இணையதளங்களை மூட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2020 ஜூன் 29-ந் தேதி டிக்டாக் உள்பட 59 செயலிகள் இப்படித்தான் தடை செய்யப்பட்டன. 2009-ம் ஆண்டு விதிகளின்படி, இத்தகைய உத்தரவுகளின் விவரம் ரகசியம். அது நாட்டு விவகாரம். வீட்டுக்கு வரும் தடுப்பு அப்படி ரகசியமாக இருக்கலாமா? கூடாது.

2025 மே மாதம் ஏர்டெல் கம்பெனி, மோசடித் தளங்களைத் தானாகவே தடுக்கும் ஏற்பாட்டை அறிவித்தது. அப்படித் தடுத்தால் காரணமும் திரையில் வரும் என்றது. பணத்தைப் பறிக்கும் மோசடித் தளத்தை யாரும் விரும்ப மாட்டார்கள். அதைத் தலைமதகிலேயே தடுப்பது சரி. ஆனால் எது பிள்ளைக்கு ஆகும், எது ஆகாது என்பது அப்படியா? பத்து வயதுக்கு ஒரு கணக்கு, பதினேழு வயதுக்கு வேறு கணக்கு. அதைத் தாய் தகப்பன்தான் போட வேண்டும்.

மூன்று கேள்விகள்

ஆகவே செல்போன் கம்பெனியிடம் நாம் கேட்க வேண்டியது மூன்று. பெற்றோர் கேட்டால், காசு வாங்காமல் தடுப்பைப் போட்டுத் தருவாயா? எதைத் தடுத்தாய் என்று தமிழில் சொல்வாயா? தவறாகத் தடுத்ததைத் திறக்கச் சொன்னால் உடனே திறப்பாயா?

வாய்மடையில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. கூகுளின் பேமிலி லிங்க் செயலிக்குக் கட்டணம் இல்லை. பிள்ளையின் போனில் எந்தச் செயலி இருக்கலாம், எத்தனை நேரம் பார்க்கலாம் என்று அதில் நாமே வைக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸ் தனியாக இருக்கிறது. அமைக்கத் தெரியாவிட்டால், தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். கடவுச்சொல்லை மட்டும் உங்களிடமே வைத்துக் கொள்ளுங்கள்!

அதோடு வேலை முடிந்துவிடாது. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும். டிக்டாக் போனதும் பிள்ளைகள் ரீல்சுக்குப் போகவில்லையா? தவறாக ஏதாவது பார்த்துவிட்டால், பிள்ளை பயப்படாமல் அம்மாவிடம் வந்து சொல்ல வேண்டும். அந்தத் தைரியத்தை எந்தக் கம்பெனியும் விற்காது. அதை வீட்டில்தான் கொடுக்க முடியும்.