பயன் சொல்ல ஆள் வேண்டும்

ஊர்காவற்துறை இறங்குதுறையில் அனலைதீவுப் படகு புறப்படுவதற்கு முன் ஏறும் சாமான்களை நின்று பார்த்தால் தீவின் தேவைகள் எல்லாம் விளங்கிவிடும். அரிசி மூடை, சீமெந்துப் பை, எரிவாயுச் சிலிண்டர், பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியர்களின் சாப்பாட்டுப் பைகள். இடையில் எங்கோ, சணல் நூலால் கட்டிய அன்றைய பத்திரிகைக் கட்டு. சோளகம் பலத்துக் கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். செய்தியும் அதோடு நிற்கும். ஐந்து சதுர கிலோமீற்றருக்கும் குறைவான இந்தத் தீவில் வாசிப்பைப் பற்றிய எந்தப் பேச்சையும் அந்தக் கட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

கட்டு போய்ச் சேரும் இடம் வாசிகசாலை. யாழ்ப்பாணத்தின் கிராமங்களில் பெரும்பாலும் சனசமூக நிலையத்தோடு ஒட்டியே அது இருக்கும். ஊரார் கூடித் தலைவர், செயலாளர், பொருளாளரைத் தெரிவு செய்வார்கள், பிரதேச சபையில் பதிவு செய்வார்கள், வீடு வீடாகக் காசு சேர்த்து ஒரு மண்டபம் கட்டுவார்கள். சம்பளம் யாருக்கும் இல்லை. ஒரு நீண்ட மேசை, இரண்டு வாங்கு, சுவரில் காலமானவர்களின் படம். ஒரே பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்து நான்கு பேர் வாசிப்பார்கள்; முதல் பக்கம் கையில் உள்ளவர் முடிக்கும் வரை மற்றவர் மரண அறிவித்தலோடு காத்திருப்பார். வாசித்தது உடனே பேச்சாகும், பேச்சு வாக்குவாதமாகும். இப்போது உலகெங்கும் ‘வாசகர் வட்டம்’ என்று புதிதாகப் பெயர் சூட்டி அழைப்பதன் பெரும்பகுதி இந்த வாங்குகளில் எப்போதோ நடந்து முடிந்தது.

அதற்கும் முந்தியது கோயில். யாழ்ப்பாணக் கோயில்களின் புராணபடனத்தில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பயன், அதாவது விளக்கம், சொல்வார். பயன் சொல்பவருக்குச் செய்யுளும் தெரிய வேண்டும், எதிரே இருக்கும் சனத்தையும் தெரிய வேண்டும். எழுத்து வாசனையே இல்லாத கிழவியும் அந்தத் திண்ணையில் இருந்து சூரபன்மனின் கதையை முழுதாகக் கேட்டு மனத்தில் வைத்திருந்தாள். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பெயரிட்டது இந்த வாழ்க்கையைத்தான். பிள்ளையார் கதைக்கும் திருவாதவூரடிகள் புராணத்துக்கும் இன்றும் நாள் குறித்து வாசிப்பு நடக்கிறது. கூடியிருந்து ஒரு புத்தகத்தைத் தொடங்கி, நாளுக்குக் கொஞ்சமாக வாசித்து முடிக்கும் ஒழுங்கு இவ்வளவு கட்டுப்பாடாக வேறெங்கே இருக்கிறது?

இன்னொரு வாசிப்பும் இருந்தது. அனலைதீவு புகையிலை விளையும் தீவு. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் கைகள் இலையைச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையையோ தொடர்கதையையோ உரத்து வாசிப்பார். கை ஓயாது, காதும் ஓயாது. கடல்கள் கடந்து கியூபாவிலும் இதே வழக்கம் இருந்தது என்பது ஆச்சரியமான ஒற்றுமை. ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865இல் வாசிப்பாளரை அமர்த்தத் தொடங்கினார்கள். அவருக்குக் கூலி கொடுத்தவர்கள் தொழிலாளிகள். தங்கள் உழைப்பில் ஆளுக்கொரு பங்கு போட்டார்கள். அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதைத் தடை செய்தது. சுருட்டுச் சுற்றுகிறவன் காதில் விழும் புத்தகம் எங்கே கொண்டுபோய் விடும் என்று ஆட்சிக்குத் தெரிந்திருந்தது. தடை நிலைக்கவில்லை, வாசிப்பு மீண்டும் வந்தது. அலெக்சாண்டர் டூமாவின் நாவல் ஒன்று அங்கே அவ்வளவு விரும்பிக் கேட்கப்பட்டதால்தான் ‘மொண்டெகிறிஸ்டோ’ என்று ஒரு சுருட்டுக்கே பெயர் வந்தது என்பார்கள்.

இவற்றையெல்லாம் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. தீவகத்துக்கு உதவ நினைக்கிறவர்கள் இன்று முதலில் செய்வது புத்தகப் பெட்டி அனுப்புவது. மனம் நல்ல மனம், சந்தேகமில்லை. ஆனால் பெட்டியை உடைத்தால் பாதி பழைய பரீட்சை வழிகாட்டிகள். மீதியில் பத்து வயதுப் பிள்ளை எடுக்கக்கூடியது நான்கோ ஐந்தோ. அலுமாரியில் அடுக்குவார்கள், படம் எடுப்பார்கள், பூட்டுவார்கள். திறப்பு செயலாளரின் வீட்டில் இருக்கும்; செயலாளர் தோட்டத்தில் இருப்பார். உப்புக் காற்று பட்டு அட்டைகள் வீங்கும், கறையான் அடியிலிருந்து மேலேறும். ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வரும்போது ஒரு தடவை தூசு தட்டப்படும். தீவுக்கு முதலில் வேண்டியவர் ஞாயிறு பின்னேரம் கதவைத் திறந்து, ஒரு கதையை எடுத்து, உரத்து வாசிக்கும் ஆள். புத்தகம் அவருக்குப் பின்னால் வரட்டும்.

யாழ்ப்பாணப் பொது நூலகமே ஓர் ஆளிடமிருந்து தொடங்கியதுதான். க. மு. செல்லப்பா 1933இல் தன் வீட்டில் புத்தகம் சேர்த்து அயலவருக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் திறந்தபோது இருந்தவை 844 புத்தகங்கள். 1981இல் ஒரே இரவில் எரிந்தவை ஏறக்குறைய 97,000. எரிந்த எண்ணிக்கை எல்லோருக்கும் மனப்பாடம். அந்த 844 பலருக்குத் தெரியாது. ஒரு தீவு தொடங்கக்கூடிய தொகை அதுதான், அதிலும் குறையப் போதும்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தைக் குடாநாட்டார் மறக்கமாட்டார்கள். அச்சுத்தாள் இல்லாமல் கோடிட்ட கொப்பித் தாளில் பத்திரிகை வந்தது. ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் ஒருவர் வாசிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். தாள் குறைந்தபோது குரல்தான் கைகொடுத்தது.

அந்தக் குரலில் வாசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், தீவகத்துக்கு வெளியே போகவே தேவையில்லை. தமிழாராய்ச்சியை உலக அரங்கில் நிறுத்திய தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பன், ஊர்காவற்துறைத் தீவிலேயே இருக்கிறது. அல்லைப்பிட்டி எழுத்தாளர் ஷோபாசக்தியின் ஊர். புங்குடுதீவில் எழுத்தாளர் மு. தளையசிங்கம் இருந்தார். அவரைச் சுற்றி ஒரு சிறு வட்டம் கூடியது; தம்பி மு. பொன்னம்பலமும் இளம் கவிஞர் சு. வில்வரத்தினமும் அதில் இருந்தார்கள். அந்த வட்டம் பேச்சோடு நிற்கவில்லை. நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக 1971இல் தளையசிங்கம் நின்றார், பொலிசாரிடம் அடிவாங்கினார். 1973இல் நாற்பது வயதை எட்டாமலே போய்விட்டார். குடிதண்ணீருக்கு ஏங்கும் தீவில் ஒரு வாசகர் வட்டம் கிணற்றடிக்குப் போய் நின்றது என்பதை அனலைதீவுப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். வில்வரத்தினமோ, போரில் சனம் வெளியேறி வெறிச்சோடிய ஊரைப் பின்னர் ‘காற்றுவழிக் கிராமம்’ ஆக எழுதினார்.

வெளியேறியவர்களும் கூடினார்கள். ஜெர்மனியின் ஹெர்ன நகரில் 1988இல் தொடங்கிய இலக்கியச் சந்திப்புக்கு நிரந்தரத் தலைவரும் இல்லை, அலுவலகமும் இல்லை. நகரம் நகரமாக மாறி, 41ஆவது சந்திப்பாக 2013இல் யாழ்ப்பாணத்துக்கே வந்து சேர்ந்தது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்தின் புத்தகங்களோடு பள்ளி மலர்களையும், கோயில் மலர்களையும், அந்தியேட்டிக்கு அச்சிடும் ‘கல்வெட்டு’ என்னும் நினைவு நூல்களையும் சேர்த்து வைக்கிறது. தீவு வீடுகளின் பெட்டகத்தில் வேறு புத்தகம் இல்லாவிட்டாலும் கல்வெட்டு இருக்கும். இறந்தவரின் வமிசமும், ஊரின் பெயரும், ஒப்பாரிப் பாடல்களும் அதில் இருக்கும். வாசிகசாலையின் முதல் ஞாயிறை ஒரு கல்வெட்டோடு தொடங்கினால் கூட்டம் தானாகச் சேரும். எல்லோருக்கும் அந்த மனிதரைத் தெரியும்.

நேரத்தையும் படகுதான் தீர்மானிக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து பேச்சாளரை அழைத்தால், அவர் பேசும்போதே கண் மணிக்கூட்டில் இருக்கும். கடைசிப் படகு காத்திராது. ஆகவே வாசிக்கிறவரும் கேட்கிறவரும் ஊரவராக இருப்பதுதான் சரி. உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒரு சிறுகதையை வாசிக்கட்டும். கதையில் கச்சான் காற்று என்று ஒரு சொல் வரும். பிள்ளைக்கு அது தின்னும் கச்சானாகத் தோன்றும். வாங்கின் மூலையில் இருக்கும் கிழவர், கடலில் நாற்பது வருடம் தொழில் செய்தவர், எழும்பி மேற்குப் பக்கம் கை காட்டி, அது எப்போது எழும்பும், எழும்பினால் எந்த வலையைப் போடக்கூடாது என்று சொல்லத் தொடங்குவார்.