உறுதியும் நாணயமும்

சிறுதொழில் வளர வேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. அரசினர் கடன் திட்டங்களை வகுக்கின்றனர். பத்திரிகைகள் அவற்றைப் பெரிய எழுத்தில் வெளியிடுகின்றன. ஆயின், தையற்கடை நடத்துபவரோ மா அரைக்கும் ஆலை வைத்திருப்பவரோ வங்கியின் படியேறினால் முதலிற் கேட்கப்படுவது யாது? காணி உறுதியே. அஃதில்லையேல் அரசாங்க உத்தியோகத்தர் இருவரைப் பிணைக்கு அழைத்து வருக என்பர். (பழைய மாணவர் சிலர் ஆசிரியராகிய எம்மைத் தேடி வருவதன் இரகசியமும் இதுவே!) எத்தனை ஆண்டு தொழில் செய்தார், வாங்கிய சரக்குக்குத் தவணை தவறாது பணம் செலுத்தினாரா என்று வினவுவார் அரியர்.

யாழ்ப்பாணத்திலோ உறுதி எளிதில் ஈடாகும் பொருளன்று. காணி சீதனமாய் மனைவி பெயரில் இருக்கும். அன்றேல் பிரிக்கப்படாத பங்காய்ப் பலர் பெயரில் கிடக்கும். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் காணியை ஈடு வைப்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். 2009இல் முடிவுற்ற போரிலே கணவன் காணாமற்போன ஒருத்தி, மிளகாய்த்தூள் இடித்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறாள் எனக் கொள்வோம். அவள் யாரிடம் சம்மதம் பெறுவாள்? மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டும். வழக்குச் செலவுக்கும் அலைச்சலுக்கும் அஞ்சி, தாலிக்கொடியை அடைவு வைக்கிறாள்.

அதே 1911ஆம் ஆண்டிலேதான் ஐக்கிய நாணய சங்கங்களுக்கான சட்டமும் பிறந்தது. அச்சங்கங்கள் காணியைப் பாராது ஆளைப் பார்த்தன. ஒருவர் கட்டத் தவறின் அங்கத்தவர் யாவரும் பொறுப்பு. ஆதலால் யாருக்குக் கொடுக்கலாம் என்பதை ஊரே ஆராய்ந்தது. பெயரிலேயே நாணயத்தை வைத்திருந்த அம்முறையைப் பழங்கதையென ஒதுக்குதல் தகாது.

வட்டியைக் குறைத்தாற் போதும் என்பாரும் உளர். மத்திய வங்கி 2022 ஏப்ரிலில் ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகள் கொள்கை வட்டியை உயர்த்தியபோது கடன் பெற்றிருந்தோர் பட்ட பாடு நாம் அறிந்ததே. ஆயினும், வட்டி தாழ்ந்திருந்த காலத்தும் உறுதியற்றவர் வாசலிலேயே நின்றார். ஆகவே அரசினர் செய்யத்தக்கது கடனின் ஒரு பகுதிக்குத் தாமே பிணை நிற்றல். தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் இந்நோக்குடனேயே அமைக்கப்பட்டது. அதன் பிணை கொழும்போடு நின்றுவிடாது, கிராமச் சங்கத்தின் நற்சான்றையும் ஏற்று இங்குள்ள மிளகாய்த்தூள்காரியையும் சென்றடைதல் வேண்டும்.

எம் பழைய மாணவர் பலர் வங்கிகளிலே முகாமையாளராய் வீற்றிருக்கின்றனர். அடுத்த விண்ணப்பகாரர் வரும்போது, உறுதியைக் கேட்குமுன் அவருடைய கணக்குப் புத்தகத்தை ஒருமுறை விரித்துப் பார்ப்பார்களாக.