கோணல் மச்சமெல்லாம் புற்று அல்ல

மச்சத்தின் இரு பாதிகளும் ஒத்திராவிட்டால், ஓரம் கோணலாக இருந்தால், நிறம் திட்டுத்திட்டாக இருந்தால், 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் மெலனோமா என்னும் தோல் புற்று என்று சந்தேகிக்கச் சொல்கிறது ஏபிசிடி விதி. 1985இல் நியூயார்க் மருத்துவர்கள் வகுத்த நல்ல விதி. ஆனால், பிறவியிலேயே தோல் கொப்புளிக்கும் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா (இபி) உள்ளவர்களுக்கும் இதை அப்படியே பொருத்தி, மச்சத்தை உடனே வெட்டி எடுக்க வேண்டும் என்பதை ஏற்க முடியாது.

இந்நோயில் தோலின் அடுக்குகளைப் பிணைக்கும் புரதம் ஏதாவது ஒன்று பழுதாகியிருக்கும். லேசாக உரசினாலே கொப்புளம். அது ஆறிய இடத்தில் சிலருக்கு, பெரும்பாலும் சிறுவயதில், பல சென்டிமீட்டர் அகலத்துக்குக் கரும்பழுப்பு மச்சம் படர்கிறது. சுற்றிலும் குட்டிப் புள்ளிகள். ஆஸ்திரிய மருத்துவர்கள் 2001இல் இதை ‘இபி நீவஸ்’ என்றார்கள். கொப்புள நீரில் சிதறும் நிறமிச் செல்கள், புண் ஆறும்போது புதிய இடங்களில் ஊன்றிப் பெருகுவதாகக் கருதுகிறார்கள். அப்படியானால் அந்தக் கோணல் ஓரம் பழைய கொப்புளத்தின் எல்லை. வேகமான வளர்ச்சி புண் ஆறியதன் விளைவு. அந்த ஆஸ்திரிய மருத்துவர்கள் 20 ஆண்டுகள் வரை கண்காணித்தும் இம்மச்சங்கள் புற்றாக மாறவில்லை.

பயாப்ஸியே மெலனோமா என்றால்? அதையும் நிதானமாகத்தான் படிக்க வேண்டும். அரைகுறையாக அகற்றிய சாதாரண மச்சம் தழும்பில் மீண்டும் முளைக்கும்போது நுண்ணோக்கியில் மெலனோமா போலவே தெரியக்கூடும். 1975இலேயே அதற்குப் ‘போலி மெலனோமா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். புண் ஆறிய தோலில் முளைக்கும் இபி நீவஸும் அப்படி ஏமாற்றலாம். பரிசோதனைப் படிவத்தில் கொப்புள நோயைக் குறிப்பிடாமல் திசுவை அனுப்புவது, நோயியல் மருத்துவரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவதுதான். வெட்டிவிட்டால் என்ன நஷ்டம் என்பவர்கள், உரசலையே தாங்காத தோலில் தையல் போட்ட காயம் என்ன பாடுபடும் என்று யோசிக்க வேண்டும். அந்தக் குழந்தைக்குக் கட்டு மாற்றுவதே அன்றாட வேதனை.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. இந்நோயில் ஒடுங்கு மரபு வழி வரும் டிஸ்ட்ரோபிக் வகையின் கடுமையான வடிவத்தில் 12 வயதுக்குள் மெலனோமா வரும் வாய்ப்பு சுமார் 2.5 சதவீதம் என்கிறது அமெரிக்க இபி நோயாளர் பதிவேடு. குழந்தைகளுக்கு இது மிக அதிகம். ஆகவே அலட்சியம் கூடாது: மச்சத்தைப் படம் எடுத்து வைத்து, தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பால் தவறாமல் ஒப்பிட்டு, சந்தேகமான மாற்றம் தெரிந்தால் தாமதிக்காமல் பயாப்ஸி செய்ய வேண்டும். ஆனால் அதே கடுமையான வடிவத்தில் 55 வயதுக்குள் சுமார் 90 சதவீதம் பேரைத் தாக்குவது ஸ்குவாமஸ் செல் புற்று. அது பெரும்பாலும் நாள்பட்ட புண்ணிலும் தழும்பிலும் தலைகாட்டும். நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மச்சத்தைப் பார்க்கும் அதே நாளில் கட்டுகளையும் அவிழ்த்து, ஆறாத புண், தடித்த ஓரம், புதிய வலி ஒவ்வொன்றையும் பார்த்தாக வேண்டும்.