300 ரிங்கிட்டும் சாப்பாடும்: ஒரு சுவரோவியத்தின் விலை என்ன?

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, காஜாங்கில் எங்கள் தாமானின் அடுத்த வரிசையில் குடியிருக்கும் பெண் ஒருத்தி வீட்டு வாசலில் வந்து நின்றாள். எஸ்.பி.எம். தேர்வில் காட்சிக்கலைக் கல்வியை ஒரு பாடமாக எடுத்தவள். இப்போது ஓவியத்தில் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டு. கைப்பேசியில் ஓர் உணவகச் சுவரின் படத்தைக் காட்டினாள்.

"அங்கிள், இந்தச் சுவர் முழுக்க வரைஞ்சு தரணுமாம். 300 ரிங்கிட்டும் வரையற நாளெல்லாம் சாப்பாடும் தர்றேன்னு சொல்றாரு. சரின்னு சொல்லவா?"

நான் விளம்பரப் பலகை, அச்சு வடிவமைப்பு என்று இருபது ஆண்டுகளாகப் பிழைப்பவன். சுவரின் அளவைக் கேட்டேன். 18 அடி அகலம், 9 அடி உயரம். மொத்தம் 162 சதுர அடி. சாயத்துக்கும் தூரிகைக்கும் மட்டும் 220 ரிங்கிட் ஆகும் என்று அவளே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மீதி 80 ரிங்கிட். ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 13 ரிங்கிட்டும் சில்லறையும்.

நான் பதில் சொல்வதற்குள் அவளே பொருமினாள். "ஒரு வாழைப்பழத்தைச் சுவர்ல ஒட்டினதுக்கு 6.2 மில்லியன் டாலர் குடுத்தாங்களாமே! எனக்கு 300-தானா?"

அவள் சொன்ன செய்தி உண்மைதான். இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலானின் 'காமெடியன்' என்ற படைப்பு, ஒரு வாழைப்பழமும் அதை ஒட்டும் நாடாவும், 2024 நவம்பரில் நியூயார்க்கில் சோத்பீஸ் ஏலத்தில் 6.2 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விலைபோனது. அந்தப் பழம் தெருவோரக் கடையில் 35 காசுக்கு வாங்கியது என்று பிறகு செய்தி வந்தது. அதற்கு முன் 2021 மார்ச்சில், பீப்பிள் என்ற பெயரில் வரையும் அமெரிக்கரின் மின்னிலக்கப் படம் ஒன்று கிறிஸ்டீஸ் ஏலத்தில் 69.3 மில்லியன் டாலருக்குப் போனது. வாங்கியவர் விக்னேஷ் சுந்தரேசன் என்ற தமிழர், அப்போது சிங்கப்பூரில் இருந்தவர். 'மெட்டாகோவன்' என்று தமிழில் 'கோ'வைச் சேர்த்துத் தமக்குப் புனைபெயர் வைத்துக்கொண்டவர். அந்த என்.எஃப்.டி. சந்தை அடுத்த ஆண்டே கவிழ்ந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை.

இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கும் மாணவருக்கு இரண்டு எண்ணங்களில் ஒன்று வரும். கலை என்றாலே பணக்காரர்களின் விளையாட்டு என்பது ஒன்று. நாமும் ஒரு நாள் அப்படி விற்போம் என்பது இன்னொன்று. இரண்டுமே அந்தப் பெண்ணுக்கு உதவாது. ஏலத்தில் நடப்பது கலைச் சந்தையின் கூரை மட்டும்தான். நாம் நிற்கப்போவது தரையில்.

தரையைப் பற்றியும் தகவல் இருக்கிறது. ஆர்ட் பேசல் கண்காட்சி நிறுவனமும் யூ.பி.எஸ். வங்கியும் ஆண்டுதோறும் கலைச் சந்தை அறிக்கை வெளியிடுகின்றன. அதன்படி 2024-இல் உலகக் கலை விற்பனை 57.5 பில்லியன் டாலர்; முந்தைய ஆண்டைவிட 12 விழுக்காடு குறைவு. ஆனால், விற்கப்பட்ட படைப்புகளின் எண்ணிக்கை குறையவில்லை, 3 விழுக்காடு கூடியது. பெரிய விலைப் படைப்புகள்தாம் சரிந்தன. ஆண்டுக்கு 250,000 டாலருக்கும் குறைவாக விற்கும் சிறிய காட்சிக்கூடங்களின் வியாபாரம் 17 விழுக்காடு வளர்ந்தது. அதாவது, பல மில்லியன் கொடுத்து வாங்குகிறவர் கையை இறுக்கிக்கொண்டார். வரவேற்பறைக்கு ஒரு படம் தேடுகிறவர் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். புதிதாக வரும் ஓவியருக்கு இது கெட்ட செய்தி அன்று.

ஆனால், வாங்குகிறவர் கொடுக்கும் பணத்தில் ஓவியர் கைக்கு எவ்வளவு வருகிறது? பெயர் வராத ஓவியர்கள் படத்தைப் பரப்பளவில் விலை வைப்பது வழக்கம். ஒரு கணக்குக்கு, 24 அங்குலம் x 36 அங்குலம் என்றால் 864 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 2 ரிங்கிட் வைத்தால் 1,728 ரிங்கிட். காட்சிக்கூடங்கள் 40 முதல் 50 விழுக்காடு வரை எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். பாதி போனால் 864. அதில் துணி, சாயம், சட்டம், போக்குவரத்து. மாதத்துக்கு இரண்டு படம் விற்றாலும், 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தாண்டுவது கடினம். (காட்சிக்கூடத்தைக் குறை சொல்லவில்லை. இடவாடகை, விளக்கு, காப்புறுதி, வாங்குபவரைத் தேடிப் பிடிப்பது எல்லாம் அவர்கள் தலையில்.)

இன்னொரு பக்கம் இதைவிட முக்கியமானது. 2025 மார்ச்சில் எம்.எஃப். ஹுசேனின் 'கிராம யாத்திரை' ஓவியம் நியூயார்க்கில் 13.8 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது. பம்பாயில் சினிமா விளம்பரத் தட்டிகள் வரைந்து வாழ்க்கையைத் தொடங்கியவர் ஹுசேன். பலகை வரைகிற எனக்கு அவர்மேல் தனிப்பிரியம். 1954-இல் வரைந்த அந்தப் படத்தை டெல்லியில் இருந்த ஒரு நார்வே மருத்துவர் வாங்கி, பின்னர் ஓஸ்லோவில் ஒரு மருத்துவமனைக்கு விட்டுச் சென்றார். அது பல பத்தாண்டுகள் அங்கேதான் இருந்தது. விற்ற பணம் மருத்துவர் பயிற்சிக்குப் போகிறது. நல்ல காரியம்தான். ஆனால், 2011-இல் மறைந்த ஹுசேனுக்கு அந்தப் படத்தால் கிடைத்தது 1954-இல் வாங்கிய விலை மட்டுமே.

இந்த அநியாயத்தைச் சரிசெய்யச் சில நாடுகள் 'மறுவிற்பனை உரிமை' வைத்திருக்கின்றன. படம் கைமாறும் ஒவ்வொரு முறையும் ஓவியருக்கு ஒரு பங்கு. பிரிட்டன் 2006-இல் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் 2010 முதல் 5 விழுக்காடு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் ஓவியத்துக்கு 10 விழுக்காடு வரை பங்கு என்று ஒரு பிரிவு உண்டு. ஏட்டில் இருப்பது கைக்கு வருவது வேறு விஷயம். மலேசியச் சட்டத்தில் இந்த உரிமை இல்லை. இங்கே நீங்கள் 800 ரிங்கிட்டுக்கு விற்ற படம் பத்து ஆண்டு கழித்து 80,000-க்குப் போனால், செய்தித்தாளில் உங்கள் பெயர் வரும், பணம் வராது.

எனவே, முதல் விற்பனையிலேயே கவனமாக இருக்கவேண்டும். இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது.

எனக்கு 22 வயது. ஒரு நிறுவனம் தீபாவளி வாழ்த்து அட்டைக்குப் படம் கேட்டது. மயிலும் குத்துவிளக்கும் கோலமும் சேர்த்து மூன்று இரவு உட்கார்ந்து வரைந்து கொடுத்தேன். 200 ரிங்கிட். எந்தத் தாளிலும் கையெழுத்து இல்லை. அடுத்த ஆண்டு அதே மயில் அவர்களுடைய நாட்காட்டியில், பலகாரப் பெட்டியில், கடை வாசல் பதாகையில் எல்லாம் தோகை விரித்து நின்றது. கோபத்தோடு போய்க் கேட்டேன். "அதான் காசு குடுத்தாச்சே, தம்பி" என்றார்கள். என் பெயரைக்கூடப் போடவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று பல ஆண்டுகள் எல்லோரிடமும் புலம்பினேன். பிறகுதான் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்தேன். படத்தை எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்பதில் சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது.

நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால், ஓவியம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அச்சட்டத்தின் 26-ஆவது பிரிவை ஒரு தடவையாவது படிக்கவேண்டும் என்பேன். நீங்களாக வரைந்து முடித்த ஒரு படத்தை ஒருவர் வாங்கினால், அவருக்குச் சொந்தமாவது அந்தத் துணியும் சாயமும்தான். பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். அது உங்கள் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். ஆனால், ஒருவர் "எனக்கு இப்படி வரைந்து கொடு" என்று சொல்லி நீங்கள் வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பதிப்புரிமை சொன்னவருக்கே போய்விடும். சம்பளத்துக்கு வேலை செய்யும் இடத்தில் வரைந்தாலும் அப்படித்தான். 'வேறு ஒப்பந்தம் இல்லாதவரை' என்ற அந்த மூன்று சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. என்னிடம் அரைப்பக்கத் தாள் ஒன்று இருந்திருந்தால் என் மயில் என்னுடையதாக இருந்திருக்கும். படத்தின் ஆசிரியர் நீங்கள்தான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமை வேறு. அது 25-ஆவது பிரிவில் இருக்கிறது. அப்போது எனக்கு அதுவும் தெரியாது.

"யாரும்மா 300 ரிங்கிட் வேலைக்கு ஒப்பந்தம் போடுறது?" என்று அவளுடைய அப்பா சிரித்தாராம். இந்தச் சிரிப்பு நம்மிடையே பழையது. கல்யாண மேடை அலங்காரத்துக்கும், கோயில் கோபுரத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகளை வரவழைக்கவும் நாம் தாராளமாகச் செலவு செய்கிறோம். வீட்டுச் சுவருக்கு நம் பிள்ளை வரைந்த ஒரு படத்தை விலைகொடுத்து வாங்குகிறோமா?

இத்தனைக்கும் முன்னோடிகள் இல்லாத சமூகம் அன்று நாம். இராமநாதபுரத்து அழகன்குளத்தில் 1943-இல் பிறந்து, சிறுவயதில் பினாங்கு வந்த சையத் தாஜுதீன், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். சீதையை அனுமன் சந்திக்கும் காட்சியை அவர் 1972-இல் வரைந்தார். அந்தப் பெரிய ஓவியம் இன்று தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பினாங்கில் பிறந்த நிர்மலா சண்முகலிங்கம் 1973-லேயே சுற்றுச்சூழல் சீர்கேட்டைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்து பரிசு பெற்றவர். ஜொகூர்பாருவில் பிறந்த ஜே. அனுரேந்திராவின் ஓவியங்களில் மலேசிய இந்தியக் குடும்பங்களின் முகங்களை இன்றும் பார்க்கலாம்.

சென்னைக் கல்லூரி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், படித்து முடித்த ஓவியர்கள் வேறு வேலைக்குப் போய்க் கரைந்துவிடுவதைப் பார்த்தார். அவர்கள் மாலை நேரங்களில் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தைச் சேர்த்து 1966-இல் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். சோழமண்டல ஓவியர் கிராமம் அப்படி உருவானது, இன்றும் இருக்கிறது. ஏலமும் இல்லை, புரவலரும் இல்லை. துணி விற்ற காசு. படம் விற்காத நாளில் வேறு எதையாவது செய்து விற்பதை இழிவாக நினைக்கும் மாணவர்களிடம் இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

நம் நாட்டில் எங்கே தொடங்குவது? தேசியக் கலைக்கூடம் 1974-இல் தொடங்கிய 'பாக்காட் மூடா செஸாமான்' இளம் கலைஞர் போட்டி இருக்கிறது. யூ.ஓ.பி. வங்கியின் ஓவியப் போட்டி 2011 முதல் மலேசியாவிலும் நடக்கிறது. பரிசைவிட, தேர்வான படங்களை நேரில் போய்ப் பார்ப்பது பெரிய பாடம். காஜாங்கிலிருந்து இது ஒரு எம்.ஆர்.டி. பயணம்தான். துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் இறங்கிப் புத்ராஜெயா தடத்துக்கு மாறினால், அம்பாங் பார்க் நிலையத்தில் இறங்கி இல்ஹாம் கலைக்கூடத்துக்கு நடந்துவிடலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. அதே தடத்தில் இன்னும் இரண்டு நிலையம் போனால் கோலாலம்பூர் மருத்துவமனை நிலையம். அங்கிருந்து தேசியக் கலைக்கூடம் நடைதூரம். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு அட்டையில் ஆண்டு, அளவு, என்ன சாயம், யாருடைய சேகரிப்பு என்று எழுதியிருக்கும். அதையும் படியுங்கள். விலை எப்படி உருவாகிறது என்பது பாதி அங்கேதான் தெரியும்.

அந்தப் பெண்ணிடம் திரும்புகிறேன். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆறு நாள், நாளுக்கு ஏழு மணி நேரம், 42 மணி. குறைந்தபட்சச் சம்பளத்தின் மணிக்கணக்கு 8 ரிங்கிட் 72 காசு. அதன்படியே பார்த்தால் கூலி 366 ரிங்கிட். சாயத்தோடு 586. இது கற்பனைக்கும் திறமைக்கும் ஒரு காசு சேர்க்காத கணக்கு. 900 கேட்கச் சொன்னேன். அரைப்பக்கத்தில் எழுதினோம். பாதிப் பணம் முன்பணம். வரைபடத்தில் இரண்டு முறை மட்டும் திருத்தம். பதிப்புரிமை வரைந்தவருக்கே. கடையின் முகநூல் பக்கத்தில் சுவரின் படத்தைப் போட்டுக்கொள்ளலாம். பொட்டலப் பையிலோ சட்டையிலோ அச்சிட்டால் தனிக் கட்டணம். மூலையில் அவள் பெயர்.

மூன்று நாள் கழித்து வந்தாள். கடைக்காரர் 900-க்கு ஒப்பவில்லை. பேசிப் பேசி 700-இல் நின்றாராம். பதிப்புரிமை வரியை இரண்டு முறை படித்துவிட்டு, "இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறார். சாப்பாடு முதலில் சொன்னபடியே உண்டு.

"350 முன்பணம் வாங்கிட்டேன் அங்கிள். ஒன்பது அடி எட்டாது. உங்க ஏணிய ஒரு வாரத்துக்குத் தர்றீங்களா?"

ஏணி இப்போது அந்தக் கடையில்தான் இருக்கிறது.